மாற்றக் குறிப்பும் ஆய்வு ஆவணமே

தனி ஒருவர் எழுதிப் பராமரிக்கும் சிறு மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்போடும் ஒரு குறிப்பு வரும். எந்த வழு நீக்கப்பட்டது, எந்த வசதி சேர்ந்தது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை நாலைந்து வரிகளில் அது சொல்லும். அதைப் படிப்போர் சிலரே. ஆய்வுலகமோ அதை ஓர் எழுத்தாகவே மதிப்பதில்லை. அந்தப் புறக்கணிப்பின் விலையை ஆய்வுலகமே கொடுத்துவருகிறது.

கணிதத்திலும் இயற்பியலிலும் ஆய்வேடு எழுதுவோர் அன்றாடம் கையாளும் அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். அதை உருவாக்கிய டொனால்டு கனூத், அதன் பிழைகளை 1978 முதல் ஒன்றுவிடாமல் குறித்துவந்தார். 1989இல் அப்பட்டியலை வகைப்படுத்தி ஆய்விதழ்க் கட்டுரையாகவே வெளியிட்டார். புதிய பிழையைக் கண்டு சொல்வோருக்கு வெகுமதி உண்டு என்றும் அறிவித்தார். மென்பொருளின் பதிப்பு எண் திருத்தத்துக்குத் திருத்தம் ஓர் இலக்கம் நீண்டு, பை என்னும் மாறிலியை நெருங்குகிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தன் தவறுகளைத் தானே வரிசைப்படுத்திக் காட்டுவது அறிவு நேர்மையின் ஒரு வடிவம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கனூத் பெரும் பேராசிரியர், பெயர் தெரியாத நிரலரின் குறிப்புக்கு அந்தத் தகுதி ஏது என்று கேட்கலாம். தகுதியை ஆளின் புகழ் தீர்மானிப்பதில்லை. அந்த நிரலை நம்பி நிற்கும் முடிவுகளே தீர்மானிக்கின்றன. சேர்மங்களின் காந்த ஒத்ததிர்வு அளவுகளைக் கணிக்க உதவும் சில பைத்தான் நிரல்களை அமெரிக்க வேதியியலர் சிலர் 2014இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். பிறரும் அவற்றை எடுத்தாண்டனர். ஒரே தரவைக் கொடுத்தாலும் அவை கணினிக்குக் கணினி வேறு வேறு விடை தருகின்றன என்பதை 2019இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். கோப்புகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதை நிரல் இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டிருந்ததே காரணம். கோப்புகளை முதலில் வரிசைப்படுத்தும் சிறு திருத்தம் அதைச் சரிசெய்தது. ஆனால் எந்தப் பதிப்பை, எந்த இயங்குதளத்தில் ஓட்டினோம் என்று எழுதாத கட்டுரையின் முடிவு சரியா தவறா என்பதை, கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்காமல் எவராலும் சொல்ல இயலாது.

இதற்கு மனித முகமும் உண்டு. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளைப் பல்லாண்டுகள் ஏறக்குறைய ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். சோர்ந்திருந்த அவருக்கு உதவுவதாக வந்த முகமறியா ஒருவர், ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, புதிய பதிப்பில் இரகசிய நுழைவழி ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதை ஐயுற்ற பொறியாளர் ஒருவரால் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது. பல்லாயிரம் பேர் சாய்ந்திருந்த தூணைத் தாங்க ஒருவருக்கு மேல் ஆளில்லை என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் நிலை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆய்வு மதிப்பெண் பட்டியலில் கட்டுரை, நூல், காப்புரிமை, மின்பாடம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. பிறர் பயன்படுத்தும் ஆய்வு மென்பொருளை ஆண்டுக்கணக்கில் திருத்திப் பேணுவதற்குத் தனித் தலைப்பில்லை. ஆகவே முனைவர் பட்டத்துக்காக நல்ல நிரல் ஒன்றை எழுதிய மாணவர், பட்டம் பெற்றதும் அதைக் கைவிடுவதே அவருக்கு இலாபம். அடுத்து வருபவர் அதே நிரலை முதலிலிருந்து எழுதுகிறார். அதே பிழைகளையும் செய்கிறார்.

மாற்றத்துக்குப் பெரும் நிதி தேவையில்லை. ஆய்வேட்டில் நூல்களைச் சுட்டுவதுபோல் மென்பொருளையும் பதிப்பு எண்ணோடு சுட்ட நெறியாளர்கள் வலியுறுத்தலாம். மாணவர் எழுதிய நிரலின் மாற்றக் குறிப்பை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக ஏற்கலாம். தேர்வுக் குழுக்கள், தொடர்ந்து பேணப்படும் நிரலையும் ஆய்வுப் பங்களிப்பாகக் கணக்கிடலாம். முதலிரண்டுக்கும் எந்த ஆணையும் வரவேண்டியதில்லை. ஒரு துறை மனம்வைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.

“சென்ற பதிப்பில் நான் செய்த தவறு இது” என்று ஒரு நிரலர் வெளிப்படையாக எழுதுகிறார். முடிவுகளை மட்டும் வெளியிட்டுத் தடுமாற்றங்களை மறைத்துப் பழகிய ஆய்வுலகம் அந்த ஒரு வரியிலிருந்து கற்க வேண்டியது நிறைய.