முகம் வரைய நாலு நிறம் போதும்

பள்ளி ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் ஒன்று என்னை வருத்துகிறது. ஒரத்தநாடு, திருவையாறு பக்கத்துப் பிள்ளைகள் வரையும் உழவர், நாற்று நடும் பெண், பாட்டி எல்லோருமே வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கிறார்கள். கிரயான் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு குச்சி உண்டு. அதைத் தேய்த்துவிட்டால் முகம் முடிந்தது. எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்கும் வேலையே அங்கே இல்லை. ஓவிய ஆசிரியனாகச் சொல்கிறேன்: முகம் வரையப் பழகும் பிள்ளைக்கு மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு, வெள்ளை என்று நாலே நிறம் கொடுங்கள்.

இதற்குச் சாட்சி தஞ்சாவூரிலேயே இருக்கிறது. ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்த வண்ணங்களைச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலர் எஸ்.பரமசிவன் ஆராய்ந்தார். சுண்ணாம்பு, கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், அரைத்த நீலக்கல். ஏறத்தாழ அவ்வளவுதான்.

காரணம் சுவரிலேயே இருந்தது. ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டும்போது, அதன் காரத்தைத் தாங்கும் மண், கல் நிறங்களே நிற்கும். பூச்சாயமும் இலைச்சாறும் வெளிறிவிடும். சாந்து காய்வதற்குள் முடித்தாக வேண்டும். அழித்து எழுத வழியில்லை. ஆகவே ஓவியன் தன் திறமை முழுவதையும் கோட்டில் வைத்தான். திரிபுராந்தகரின் உருண்ட விழிகளைப் பாருங்கள்; அசுரர்களைப் பற்றிக்கொள்ளும் பெண்களின் கலக்கத்தைப் பாருங்கள். வெண்தாடி முதியவரும் அவர் பின்னால் நிற்கும் இளையவரும் கருவூர்த் தேவரும் ராஜராஜனும்தானா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். யாராக இருந்தாலும், நேரில் பழகிய இரண்டு மனிதர்களைப் போல அவர்கள் நிற்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த முதியவரின் பார்வைக்கு முன் நான் பேச்சிழந்து போகிறேன்.

சுவீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை கொண்டே உருவப்படங்கள் தீட்டியதற்காக இன்றும் பேசப்படுகிறார். நம் மாணவர்களுக்கு அவர் பெயர் இணையத்தில் கிடைக்கிறது. கோயில் சுவர் கிடைக்கவில்லை.

நாலு நிறத்தில் என்ன கிடைக்கும்? மஞ்சள் காவியில் கறுப்பு கலந்தால் பாசிப்பச்சை வரும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், செங்காவிக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகத் தெரியும். குறுவை நடவில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வயல் தண்ணீரிலிருந்தும் எழுந்து தாடைக்கு அடியில் படுகிறது. அந்தப் பசுஞ்சாம்பல் ஒளியை எந்தக் கிரயான் குச்சியும் தராது, கலந்துதான் எடுக்க வேண்டும். நெற்றியின் கருஞ்சிவப்பு, கன்ன எலும்பின் காவி, கண்ணுக்குக் கீழே கறுப்பு என்று தேடும்போதுதான் பிள்ளை அந்த அம்மாவின் களைப்பைக் கவனிக்கிறது.

உட்சுற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொல்லவில்லை. கூட்டத்தின் மூச்சும் வியர்வையும் சுவருக்குக் கேடு. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையிடம் நல்ல படங்கள் இருக்கின்றன. அந்த முகங்களை உண்மை அளவில் அச்சிட்டு, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறை கூடவே ஒரு டப்பா காவிப்பொடியும் கொடுக்கட்டும்.