கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டு ஏஐ வாங்குகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஓடும் விவாதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடலூரில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "ஏஐ வந்தாச்சு சார், இனி கணக்குக்கு ஆள் தேவையில்லை" என்று எழுதினார். உடனே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். தட்டியவர்களில் பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள். அதுதான் எனக்கு வியப்பு!

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. 1980களில் வங்கிக்குள் கணினி வந்தபோது சங்கங்கள் எதிர்த்தன. இன்று கணினி இல்லாத வங்கிக்கு நாமே போகமாட்டோம். சிதம்பரத்தில் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்த நானே பிறகு டேலியும் கற்றுக்கொடுத்தேன். ஆனால் டேலி கூட்டலைத் தப்பாகப் போடாது. ஏஐ தெரியாததையும் தெரிந்த மாதிரி தயங்காமல் சொல்லும், படிக்காமல் வந்து பக்கம் பக்கமாக விடை எழுதும் பையனைப் போல. (அந்தப் பையன்களில் சிலர் இதைப் படிக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.)

அது தப்புச் சொன்னால் யார் பொறுப்பு? ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், துக்கத்துக்குப் போகும் பயணிக்கான கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்ததும், சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் தயாரித்த அறிக்கையில் இல்லாத நூல்களெல்லாம் மேற்கோளாக இருந்தன. 2025இல் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் தாங்குவார்கள். நீ தாங்குவாயா தம்பி? சரக்குக்கு ஏஐ தப்பான ஹெச்எஸ்என் எண் போட்டு வரி குறைந்தால், ஜிஎஸ்டி நோட்டீஸ் உன் பெயருக்குத்தான் வரும். குறைந்த வரிக்கு 18 விழுக்காடு வட்டியும் உன் கல்லாவிலிருந்துதான் போகும்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டதே, அப்போது கடன் நிலுவையில் இருந்தவர்களில் யார் நிஜமாகவே நொடித்தவர், யார் புயலைச் சாக்காகச் சொல்கிறவர் என்று முதலாளிக்குப் பிரித்துச் சொன்னது யார்? கணக்கப்பிள்ளைதான். அந்த அறிவு எந்தப் பேரேட்டிலும் இல்லை. எழுதாததை எப்படி ஏஐக்கு ஊட்டுவாய்?

டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நம் மாவட்டத்திலும் பல வீடுகளில் அன்று தூக்கம் போயிருக்கும். "ஏஐதான் காரணம்" என்று ஊரெல்லாம் பேசியது. நிறுவனத்தின் தலைமையோ ஏஐ காரணமில்லை, திறனும் வேலையும் பொருந்தாததே காரணம் என்றது. அதையே எடுத்துக்கொள்வோம். ஆளை எடுத்து இருபது வருடம் வேலை வாங்கியவர்களுக்கு அந்தத் திறனைக் கற்றுக்கொடுக்கும் கடமை இல்லையா? நம் ஊர் முதலாளிகளும் இப்போது அந்தப் பேச்சைப் பழகுகிறார்கள். ஆட்குறைப்பு என்றால் அசிங்கமாம், ஏஐ என்றால் முன்னேற்றமாம்!

ஏஐயால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முந்திரிப் பருப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுத இதுவரை புரோக்கரைத் தேடினோம். இனி தேட வேண்டாம். வரித்துறை கடிதத்தைத் தமிழில் புரிந்துகொள்ளலாம். பழைய நிலுவைகளைத் தேதிவாரியாகப் பிரிக்கலாம். இதையெல்லாம் செய்ய ஏற்ற ஆள் உன் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு மாதம் கற்றுக்கொடு. அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வாடிக்கையாளரின் ஆதார், போன் எண்ணையெல்லாம் இலவச ஏஐயில் கொட்டாதே. தனிநபர் தரவுகளுக்கு 2023லேயே சட்டம் வந்துவிட்டது.

கைதட்டியவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம், நீக்கமாட்டேன். ஆனால் உங்கள் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் மூத்தவருக்கு என்ன சம்பளம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.