தணிகையில் குருதி ஆய்வுத்தாள் எம்மொழியில்?

மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மக்களைத் திரட்டி நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. மண் தமிழ்மண் ஆயிற்று. ஆனால் அம்மண்ணில் வாழ்வார்க்கு அவர்தம் குருதியின் நிலையை அறிவிக்கும் தாள் இன்னும் தமிழாகவில்லை. காலையில் வெறுவயிற்றோடு ஆய்வகத்தில் காத்திருக்கும் உழவர்க்கும் பொதட்டூர்ப்பேட்டை நெசவாளர்க்கும் மாலையில் கிடைப்பது ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த தாளொன்றே.

தமிழில் சொல்லவொண்ணாத நுட்பமா அங்கு நடைபெறுகின்றது? சருக்கரை ஆய்வுக்கென எடுத்த குருதியைச் சோடியம் புளோரைடு இட்ட குப்பியில் சேர்ப்பர். அதனை இடாவிடின், நேரஞ்செல்லச் செல்லக் குருதியணுக்களே சருக்கரையை உண்டு குறைத்துவிடும், பொய்யளவே கிட்டும். பின் குப்பியைப் பொறியிலிட்டு விரைந்து சுழற்ற, அணுக்கள் அடியில் தங்கி, வெளிர்மஞ்சள் நீர் மேலே தெளியும். அதில் சிறிதளவெடுத்து நொதி கலந்த நீர்மத்தோடு சேர்த்தால், சருக்கரையின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் எழும். நிறம் மிகமிக அது விழுங்கும் ஒளியும் மிகும். அவ்வொளியை அளந்தே கருவி எண்ணைத் தருகின்றது. வெறுவயிற்றில், 100 மில்லி இலிட்டருக்கு 100 மில்லிக்கிராமுக்குக் குறைவெனில் இயல்பு. 126ஐ எட்டி, மறு ஆய்விலும் அவ்வாறே இருப்பின் நீரிழிவு. இவற்றுள் எது தமிழுக்கு அடங்காதது?

சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளியிட்டு, அது பரவும் வடிவுகொண்டு நோய் கணித்தல் சித்த மருத்துவர்தம் நெய்க்குறி முறை. அது இன்றைய வேதியல் ஆய்வுக்கு ஈடென மார்தட்டுதல் வேண்டா. உடல்நீர்களைப் பற்றிப் பேசத் தமிழ் நேற்றுக் கற்றதன்று என்பதற்குச் சான்று, அவ்வளவே. 1847இல் ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1875இல் வேதியல் நூலும் தமிழில் வந்தது. 'கெமிஸ்தம்' என்னும் அதன் பெயர் நமக்கு உவப்பன்று. ஆயினும் நூல் தமிழில் இருந்தது!

குளூக்கோசுக்கு நேர்ச்சொல் முடிவாகட்டும், பிறகு கேட்போம் என்பார் நம்முள்ளும் உளர். அஃது ஆங்கிலத்துக்கு வாயில்காக்கும் வேலை. வெறுவயிற்றுச் சருக்கரை, உணவுக்குப் பின் சருக்கரை, இயல்பு, மிகை, குறை என்னும் இவையே தொடக்கத்துக்குப் போதும். மருத்துவர்க்கு ஆங்கிலம் வேண்டின் அருகில் இருக்கட்டும். நகரியிலிருந்து வருவார்க்குத் தெலுங்கில் தரினும் நமக்கு வழக்கில்லை. அவர்க்கும் அச்சுருக்கெழுத்து இருள்தான்.

'மிகை' என்று ஒருசொல் தமிழில் இருந்திருப்பின், அத்தாளை மடித்து அரிசிப்பானைக்கடியில் வைத்துவிட்டு, கண்ணும் சிறுநீரகமும் கெட்டபின் மருத்துவமனைக்கு ஓடுவாருள் சிலரேனும் முன்பே விழித்திருப்பர்.

தனியார் ஆய்வகங்கள் 1997ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுதற்கு உரியவை. அப்பதிவு நெறிகளில் 'ஆய்வுத்தாள் தமிழிலும் இருத்தல் வேண்டும்' என ஒருவரி சேர்க்க அரசுக்கு என்ன தடை? ஆணை வரும்வரை, தணிகை அன்பர்கள் ஆய்வகம் செல்லுந்தோறும் தாளைத் தமிழில் எழுதித் தரக் கேட்டு வாங்குக.