சுகமாயிருந்த மான்களையும் ஏன் சுட்டார்கள்?



இலையுதிர்கால விடுமுறையில் வாலிபர் குழுவாக மலைக்குப் போயிருந்தோம். எதிர்ச் சரிவில் காட்டுத் துருவ மான்கள் கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன. நத்தார் அட்டைகளில் வண்டி இழுக்குமே, அதே இனம்தான். பார்த்துக்கொண்டு நின்ற தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நூர்ஃபியெல்லாவில சுகமா இருந்த மான்களையும் சேர்த்துச் சுட்டவையாமே. ஏன்?" தாதியராக வேலை செய்யும் எங்களில் இரண்டு பேர் அங்கே நின்றோம். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தில் எழுதுகிறோம்.

2016 மார்ச்சில், தெற்கு நோர்வேயின் நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில் ஆய்வாளர்கள் மான்களுக்குக் கழுத்துப்பட்டி பூட்டச் சென்றிருந்தார்கள். அப்போது ஒரு பெண் மான் நோயுற்று இறந்தது. அதைப் பரிசோதித்ததில் ஐரோப்பாவில் அதுவரை காணாத ஒரு நோய் தெரியவந்தது. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான் மெலிவு நோய் அது. நோர்வேஜிய மொழியில் 'ஸ்கிராந்தெசூக்கெ' என்கிறார்கள்.

இதை உண்டாக்குவது பக்டீரியாவும் அல்ல, வைரசும் அல்ல. பிரியோன் எனப்படும், தவறாக மடிந்த ஒரு புரதம். அது பக்கத்திலுள்ள நல்ல புரதங்களையும் தன்னைப்போல மடித்துவிடும். மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் துளை விழுந்து பஞ்சுபோல ஆகும். மான் மெலியும், எச்சில் வடியும், தள்ளாடும், கடைசியில் இறக்கும். தொற்றிய பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகவும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்திலேயே எச்சில், சிறுநீர், சாணம் வழியாக நோய் மற்ற மான்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை.

தாதியரான எங்களைப் பயப்படுத்துவது இன்னொன்று. வார்டில் கிருமி என்றால் கை கழுவுவோம், அல்கஹோல் பூசுவோம், கருவிகளை நீராவியில் அவிப்போம். பிரியோனுக்கு அல்கஹோலும் கொதிநீரும் ஒன்றும் செய்யாது. மனிதருக்கு வரும் பிரியோன் நோய் சந்தேகிக்கப்பட்டால், மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பாவித்த கருவிகளைத் தனியே ஒதுக்கிவைப்பதும் அழிப்பதும் இதனால்தான். மண்ணில் விழுந்த பிரியோன் பல வருடங்கள் அங்கேயே கிடக்கும்.

இப்போது உப்புக்கல்லை நினைத்துப் பாருங்கள். கோடையில் மேயும் செம்மறிகளுக்காக மலையில் உப்புக்கல் வைப்பார்கள். காட்டு மான்களும் தேடி வந்து அதை நக்கும். ஒன்று நக்கிய இடத்தில் அடுத்தது நக்கும், சுற்றியுள்ள மண்ணையும் தின்னும். வார்டில் எல்லோரும் தொடும் கதவுப்பிடி போலத்தான். ஆனால் அந்தக் கதவுப்பிடியைத் துடைத்துச் சுத்தமாக்கும் மருந்து எங்களிடம் இல்லை.

அரசாங்கம் 2017இல் ஒரு கடினமான முடிவெடுத்தது: நோய் கண்ட பகுதியின் கூட்டம் முழுவதையும் அகற்றுவது. முதலில் வேட்டைக்காரரும், பிறகு குளிர்காலம் முழுக்க அரசின் துப்பாக்கிக்காரரும் சுட்டார்கள். 2018 வசந்தத்தில் வேலை முடிந்தது. 2000க்கும் மேற்பட்ட மான்கள் போயின. நோய் உறுதியானது 19 மான்களில் மட்டும்.

தங்கையின் கேள்வி இந்த 19இல்தான் நிற்கிறது. வார்டில் என்றால் பரிசோதித்து, நோயுள்ளவரை மட்டும் தனி அறையில் வைப்போம். உயிரோடு ஓடும் காட்டு மானை அப்படிப் பிரிக்க வழி இருக்கவில்லை. மூளையையும் நிணநீர்க் கணுவையும் சுட்ட பிறகுதான் பார்க்க முடிந்தது. விட்டுவைத்தால் பக்கத்து மலைகளின் கூட்டங்களுக்கும், மான் மேய்த்து வாழும் மக்களின் மந்தைகளுக்கும் போகலாம். அமெரிக்காவில் இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த நோய் பரவியிருக்கிறது. ஆகவே முடிவு நியாயமானது என்றே நினைக்கிறோம். ஆனால் அது சுலபமானது என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

முழு வெற்றியும் கிடைக்கவில்லை. 2020இல் ஹர்டாங்கர்வித்தாவில், நோர்வேயின் மிகப்பெரிய காட்டு மான் கூட்டத்தில், இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கூட்டத்தை முழுதாக அழிக்கவில்லை. நோய் கூடுதலாகக் காணப்படும் வளர்ந்த ஆண் மான்களை வேட்டையால் குறைக்கும் வழியை எடுத்தார்கள்.

மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் மாடுகளுக்கு வந்த பிரியோன் நோய் மனிதருக்கும் வந்ததை 1996இல் பிரித்தானியா அறிவித்தது. அதனால் கவனம் வேண்டும். வேலைத்தல நண்பர் மான் இறைச்சி தந்தால், அது எந்த மலையில் வேட்டையாடியது, பரிசோதித்ததா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை; நல்ல வேட்டைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். தள்ளாடும் மானைக் கண்டால் கிட்டப் போகாமல், உணவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். மலையில் உப்போ உணவோ போட்டுவிட்டு வராதீர்கள்.

தங்கச்சி, அன்றைக்கு மலையில் உனக்குச் சொல்லாத பதில் இதுதான்: அந்த மான்களைச் சுட்டது அவை நோயாளிகள் என்பதற்காக அல்ல. எது நோயாளி என்று உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்க எங்களால் முடியாமல் போனதற்காக. உங்களில் யாராவது படித்து, உயிருள்ள மானிலேயே இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தால், அடுத்த கூட்டம் பிழைக்கும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.