பேய் வேஷம் போடலாம்... தோழியை விட்டுட்டுப் போடலாமா?



அக்டோபர் 31 வரப்போகுது. எங்க வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு தோழி வீட்டு மொட்டைமாடியில் ஹாலோவீன் விருந்து வைக்கலாம்னு திட்டம் போட்டோம். பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "1. கேக். 2. பாட்டு. 3. கடையில் வாங்கிய பேய் உடை. உடை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை."

மூன்றாவது வரியைப் படிச்சதும் எல்லாரும் கைதட்டினாங்க. ஒருத்தி மட்டும் தட்டலை. "எனக்கு அன்னிக்கு மாமா வீட்டுக்குப் போகணும்பா"ன்னு சொல்லிட்டுப் புத்தகத்தைத் திறந்துக்கிட்டா. வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது. அவளுக்கு மாமாவே கிடையாது! ஒரு நாள் கூத்துக்கு ஐநூறு ரூபாய் கொடுத்து உடை வாங்க அவங்க வீட்டில் முடியாது. அதை எங்க பத்துப் பேர் முன்னாடி சொல்ல அவளுக்கு மனசில்லை.

முகர்ந்தாலே வாடிவிடும் அனிச்சப் பூவை விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அதை நாம் பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் பண்ணுறோம். ஆனால் விருந்து தொடங்கும் முன்பே ஒருத்தி முகத்தை வாட வைத்தவள் நான்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்புறம் இந்தப் பண்டிகையைப் பற்றித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே வெட்கமா இருந்துச்சு. ஏன்னா, ஹாலோவீன் பிறந்ததே காசு செலவழிக்கிறவங்க வீட்டில் இல்லை!

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை 'சாவின்' என்று கொண்டாடினார்கள். அன்று இரவு இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவம் பரவியபோது, நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாளாகவும், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளாகவும் ஆயின. நம் பள்ளிக் கிறிஸ்தவ நண்பர்கள் நவம்பர் 2-இல் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போறாங்களே, அதே கல்லறைத் திருநாள்தான். அதற்கு முந்தைய பண்டிகையின் முன்னிரவுதான் ஹாலோவீன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் இந்த நாட்களில் வீடு வீடாகப் போவார்கள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். பதிலுக்கு வீட்டுக்காரர்கள் சின்னச் சின்ன கேக் கொடுப்பார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் பழைய துணியைப் போர்த்திக்கொண்டு, டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கை ஏந்திப் போவார்கள். ஆனால் சும்மா கை நீட்ட முடியாது. ஒரு பாட்டோ, செய்யுளோ, நகைச்சுவையோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் கிடைக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்து மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குப் போனார்கள். பண்டிகையும் கூடவே கப்பலேறியது. அங்கே கிழங்கைவிடக் குடைவதற்கு எளிதான பெரிய மஞ்சள் பூசணி கிடைத்தது. கிழங்கு விளக்கு பூசணி விளக்காக மாறியது. (புது வீட்டு வாசலில் நாம் முகம் வரைந்து கட்டும் திருஷ்டிப் பூசணி ஞாபகம் வருதில்ல?)

அமெரிக்காவில் இது எப்போதும் நல்லபடியாக நடக்கலை. மினசோட்டா மாநிலத்தில் அனோகா என்று ஒரு ஊர். ஹாலோவீன் இரவில் பையன்கள் ஜன்னலில் சோப்பைத் தேய்ப்பதும், மாடுகளை அவிழ்த்துத் தெருவில் விடுவதுமாக ஒரே ரகளை. ஊர்ப் பெரியவர்கள் 1920-இல் என்ன செய்தார்கள்? தடை போடவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஊர்வலம் வைத்து, தின்பண்டம் கொடுத்தார்கள். ரகளை பண்ணினவனும் ஊர்வலத்தில் நடந்தான். ஒதுக்குவதைவிடச் சேர்த்துக்கொள்வது நல்ல வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1950-இல் பிலடெல்பியா நகரப் பக்கத்தில் சில பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதிலாக, காலிப் பால் அட்டைப்பெட்டியில் சில்லறைக் காசு சேர்த்து, உலகக் குழந்தைகளுக்காக யுனிசெஃப் அமைப்புக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. 2012-இல் டென்னசி மாநிலத்தில் இன்னொன்று தொடங்கியது. வேர்க்கடலை, பால் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக வாசலில் பச்சை கலந்த நீல வண்ணப் பூசணி வைப்பார்கள். "இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு" என்று அதற்கு அர்த்தம். பென்சிலோ ஸ்டிக்கரோ கிடைக்கும். ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!

"வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் கருத்து இது: அடுத்தவர் பண்டிகையைக் கொண்டாடுவது தப்பில்லை. ஆனால் அதில் கடைச்சரக்கை மட்டும் எடுத்துக்கிட்டு, கதவு திறக்கும் மனசை விட்டுட்டு வந்தால் அதுதான் தப்பு.

அதனால் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதுசு எழுதியிருக்கேன்:

1. கடையில் வாங்கிய உடைக்கு அனுமதி இல்லை! அப்பாவின் பழைய வேட்டி, அரிசிச் சாக்கு, செய்தித்தாள் போதும். யாருடைய நிறத்தையும், உடல் குறையையும், தொழிலையும் கேலி செய்யும் வேஷம் கூடவே கூடாது.

2. நுழைவுக் கட்டணம் ஒரு பாட்டு அல்லது விடுகதை. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் கொடுத்த அதே கட்டணம்!

3. அயர்லாந்தில் கயிற்றில் ஆப்பிளைத் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடிப்பார்கள். நம் ஊர்ப் பொங்கல் போட்டியில் பன் கடிக்கிறோமே, அதேதான். ஆப்பிள் விலை அதிகம். பன்னே போதும்.

4. பூசணியைப் பெரியவர்கள்தான் வெட்டணும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். தொங்கும் துணியில் தீப்பிடிச்சா விளையாட்டு வினையாகிடும். சின்ன டார்ச் லைட் போதும். குடைந்த சதையைத் தூக்கிப் போடாமல் கூட்டு வைக்கக் கொடுத்துடணும்.

5. பயப்படச் சம்மதிச்சவங்களை மட்டும்தான் பயமுறுத்தணும். தோழியின் தம்பி இரண்டாம் வகுப்பு. அவனுக்கு இருட்டு அறை கிடையாது.

6. அழைப்பிதழில் வீட்டு எண், அடையாளம், பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண், முடியும் நேரம் நாலும் இருக்கணும்.

ஆறாவதைப் படிச்சுச் சிரிக்காதீங்க. யோஷிஹிரோ ஹட்டோரி என்று ஒரு ஜப்பான் மாணவன். வயது 16. படிக்க அமெரிக்கா போயிருந்தான். 1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஹாலோவீன் விருந்துக்கு நண்பனோடு கிளம்பினான். வீடு மாறிப் போச்சு. விருந்து வீடு என்று நினைத்து மணியடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்தார். அவர் நிற்கச் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. சுட்டுவிட்டார். அவன் செத்துப் போனான். தவறு அந்தப் பையனுடையது இல்லை. அவனுடைய பெற்றோர் பழி வாங்க நினைக்காமல், வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்று லட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டி அமெரிக்க அதிபரிடம் கொடுத்தார்கள்.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதலை. கதவைத் தட்டும் ஒருவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் இந்தப் பண்டிகையே இருக்கிறது. சந்தேகத்தோடு பார்த்தால் அந்த இரவு வேறு. "வா, உள்ளே வா" என்றால் அந்த இரவு வேறு. மறக்க முடியாத விருந்துன்னா பெரிய கேக்கும் சத்தமான பாட்டும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஒருத்தர் மனசிலயும் முள் இல்லாத விருந்துதான்.

புதுப் பட்டியலை நேற்று மதிய உணவு நேரத்தில் அவளிடம் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் முழுசாப் படிச்சா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எங்க வீட்டில் ரெண்டு சாக்கு இருக்கு, உனக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?"ன்னு கேட்டா.

"மாமா வீடு?"ன்னு கேட்டேன்.

"மாமா ஊருக்குப் போயிட்டாரு"ன்னு சொல்லிச் சிரிச்சா!

பழகுவோம் வேற்றுமை இன்றி! பகிர்வோம் மகிழ்ச்சியை ஒன்றி!

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி