குழந்தைக்குப் பிறந்த நாள். அப்பனுக்குக் கடன் நாளா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாராவியில் நண்பர் ஒருவரின் குழந்தைக்கு முதல் பிறந்த நாள். அழைத்திருந்தார், போயிருந்தேன். 90 அடி சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு சிறிய மண்டபம். வாசலில் பலூன் வளைவு. உள்ளே ஆள் உயரத்துக்குக் குழந்தையின் படம். ஒலிபெருக்கி அலறிய அலறலில் பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கக்கூட முடியவில்லை.

நண்பருக்கு ஒரு கிடங்கில் சரக்கு எண்ணி எழுதுகிற வேலை. அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவர் என் காதோரம் வந்து கேட்டார்:

"அண்ணாச்சி, நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் குறைவாகக் கொடுக்கிறவர் யாராவது உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

சாப்பிட்ட பாயசம் கசந்துவிட்டது!

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2019 ஜனவரியில் என் மகளுக்கு முதல் பிறந்த நாள் வந்தபோது நானும் இதே கூத்தைத்தான் ஆடினேன். மண்டப வாடகை 8,000 ரூபாய். அறுபது பேருக்குச் சாப்பாடு 15,000. அலங்காரத்துக்கு 4,000. போட்டோக்காரருக்கு 5,000. கேக், உடுப்பு, வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பரிசு எல்லாம் சேர்த்து 37,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் 30,000 கடன். மாதம் 900 ரூபாய் வட்டி.

குழந்தை என்ன செய்தது தெரியுமா? முதல் பலூன் வெடித்ததும் வீறிட்டு அழுதது. அழுது அழுது கேக் வெட்டுவதற்கு முன்பே தூங்கிவிட்டது. தூங்குகிற குழந்தையின் கையில் கத்தியைப் பிடித்து வைத்து நானும் என் மனைவியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பதினான்கு மாதம் வட்டி கட்டினேன். மொத்தம் 12,600 ரூபாய். 2020 மார்ச் மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் அசலை அடைத்தேன். சில நாட்களில் ஊரடங்கு வந்துவிட்டது! அடுத்த மூன்று மாதம் பாதிச் சம்பளம். அரிசிக்கும் பாலுக்கும் கணக்குப் பார்த்த அந்த நாட்களில், வட்டிக்காரருக்குக் கொடுத்த 12,600 ரூபாய் என் கண் முன்னே வந்து வந்து போயிற்று.

கொண்டாட வேண்டாமா?

"நமக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை, பிள்ளையாவது அனுபவிக்கட்டுமே" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நான் கொண்டாட்டத்துக்கு எதிரி அல்ல.

நம் ஊர்ப் பக்கம் ஆண்டு நிறைவு என்றால் நட்சத்திரம் பார்ப்பார்கள். குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டு, காது குத்தி, பொங்கல் வைப்பார்கள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பிறந்த நாள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்குப் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் போட்டுக் கொடுத்ததுதான். நம் வயதுக்காரர்களின் ஆதார் அட்டைகளைப் பாருங்கள், எத்தனை பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்திருக்கிறோம் என்று!

ஆனால் நம் பிள்ளைகள் மும்பையில் வளருகிறார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் புது உடுப்புப் போட்டுக்கொண்டு மிட்டாய் கொடுக்கும்போது, நம் பிள்ளை மட்டும் "எனக்குப் பிறந்த நாள் கிடையாது" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா? கூடாது. கொண்டாட வேண்டும். யாருக்காக என்பதுதான் கேள்வி. மண்டபத்துக்கு வந்த அறுபது பேரில் என் மகளுக்குத் தெரிந்த முகம் ஐந்துகூட இல்லை. அவர்கள் என் மேலதிகாரிகள், என் ஊர்க்காரர்கள், எனக்கு மொய் வைக்க வேண்டியவர்கள். அது என் மகளின் பிறந்த நாள் அல்ல, என்னுடைய பவிசு!

மொட்டை மாடியில் ஒரு மாலை

2023 ஜனவரியில் அவளுக்கு ஐந்து வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று அவளையே கேட்டோம். மூன்று சொன்னாள். கேக்கில் மெழுகுவத்தி ஊத வேண்டும். பக்கத்து அறைப் பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகக்கூடாது. மண்டபம் அந்தப் பட்டியலிலேயே இல்லை!

பிறந்த நாள் வேலை நாளில் வந்ததால் சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். குழந்தைக்குக் கிழமை ஒரு பொருட்டல்ல. மாலை 4 மணிக்குத் தொடங்கி 6.30-க்கு முடிப்பது என்று தீர்மானித்தோம். அந்த நேரத்தில் யாரும் முழுச் சாப்பாடு எதிர்பார்ப்பதில்லை. செலவில் பெரும்பங்கு அங்கேயே குறைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் சிரிப்பு அழுகையாகிவிடும் என்பதும் அனுபவம்.

எங்கள் சாலில் மார்பளவு சுவர் உள்ள மொட்டை மாடி உண்டு. ஜனவரியில் மழைக் கவலை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிறந்த நாள் வருகிறவர்கள் மாடியை நம்ப வேண்டாம். பக்கத்து அறைக்காரர்களிடம் சொல்லி, பொது வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். மாடியானால் படிக்கட்டு வாசலில் பெரியவர் ஒருவர் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு என் மைத்துனர் உட்கார்ந்தார். தட்டில் இரண்டு முறை கேசரி வைத்தால் அவர் எங்கும் நகர மாட்டார்.

சாப்பாட்டு விஷயத்தை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எங்கள் மாடியில் மராட்டியர், முஸ்லிம்கள், குஜராத்திக் குடும்பம் ஒன்று, மற்றவர்கள் நம்மவர்கள். எல்லோர் வீட்டுப் பிள்ளையும் தயக்கமில்லாமல் சாப்பிடக்கூடியது எது? கேசரியும் சுண்டலும். மராட்டியத் தாய்மார்களிடம் கேசரி என்றால் விளங்காது. 'ஷீரா' என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். பாயசம் வேண்டாம் என்றாள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகள் பாதியைப் பாயில் கொட்டுவார்கள்.

ஒரு கிலோ ரவை, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, கால் கிலோ நெய். ரவையை நெய்யில் இளந்தீயில் வறுத்து, இரண்டரை முதல் மூன்று பங்கு வெந்நீர் விட வேண்டும். ரவை நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் ரவை வேகாமல் விறைத்துக்கொள்ளும். ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப் போட்டால் மறுநாள் இரு மடங்காகி நிற்கும். பிள்ளைகளுக்கு என்பதால் மிளகாயைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டினோம். பிள்ளைகள் 22 பேரும், அழைத்துவந்த தாய்மார்களும் சாப்பிட்டு, மீதியைக் கீழ் அறைகளுக்கும் கொடுத்தோம். கேக் அரைக் கிலோதான், முட்டை சேராதது. சிறு துண்டாக எல்லோருக்கும் வந்தது. கேக்கினால் வயிற்றை நிரப்ப நினைப்பதால்தான் பேக்கரியில் பணம் போகிறது.

தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் வாங்கவில்லை. மராட்டியத்தில் 2018 முதலே அவற்றுக்குத் தடை. 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் தடை. அலங்காரத் தெர்மாகோலும், பலூனைச் செருகுகிற பிளாஸ்டிக் குச்சியும் அந்தத் தடையில் அடங்கும். இலைத் தட்டு இங்கே 'பத்ராவளி' என்ற பெயரில் கிடைக்கிறது. கேசரிக்குத் தொன்னை போதும்.

வண்ணக் காகிதம் வாங்கி, ஒரு வாரம் தினம் இரவு மகளும் நானும் வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்தோம். உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த ஏழு இரவும் அவளுக்குப் பிறந்த நாளைவிடப் பெரிய கொண்டாட்டமாக இருந்தன. எனக்கும்தான்.

இரண்டு பொருளைக் கண்டிப்பாகத் தவிர்த்தோம். ஒன்று, முகத்தில் பீய்ச்சுகிற நுரை டப்பா. எரியும் மெழுகுவத்திக்கு அருகில் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். இரண்டு, தெருவில் விற்கிற கேஸ் பலூன். அதில் பெரும்பாலும் அடைப்பது ஹைட்ரஜன். நெருப்புப் பட்டால் வெடிக்கும். வாயால் ஊதிய பலூன் போதும். அது வெடித்தாலும் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னஞ்சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

பரிசு என்னும் வரி

அந்த விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் மாடியின் கடைசி அறையில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். அவர் மகள் எந்நேரமும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அழைத்ததற்கு மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. என் மனைவி போய் விசாரித்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல், அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள்" என்றார் அந்தத் தாய். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை. பதினைந்து நாளாக அப்பாவுக்கு வேலை இல்லை. பரிசு வாங்கப் பணம் இல்லை. அவ்வளவுதான்.

என் மனைவி வீட்டுக்கு வந்து வெகு நேரம் பேசாமல் இருந்தாள். நாம் ஆசையோடு கொடுக்கிற அழைப்பு இன்னொரு வீட்டில் வரிச் சீட்டாகப் போய் விழுகிறது! நாம் மொய் எழுதி வளர்ந்தவர்கள். வெறுங்கையோடு போவது நமக்குக் கூச்சம். அதனால், அழைக்கிறவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அன்று இரவே எல்லா அறைகளுக்கும் போய்ச் சொன்னோம். "யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விடுகதையோ பாட்டோ மட்டும் கொண்டுவர வேண்டும். அதுதான் நுழைவுச் சீட்டு!"

காய்ச்சல் பறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கேட்ட விடுகதையைப் பெரியவர்களாலும் அவிழ்க்க முடியவில்லை. அவளுடைய ஆச்சி ஊரில் சொல்லிக் கொடுத்ததாம். மராட்டியப் பையன் ஒருவன் அவன் மொழியில் ஒன்று போட, ஆளுக்கு ஆள் மொழிபெயர்க்க, ஒரே அமளி! பிறகு ஆட்டம். நாற்காலி இல்லை, பழைய செய்தித்தாளைப் பரப்பினோம். பாட்டு நின்றதும் ஆளுக்கு ஒரு தாளில் ஏறி நிற்க வேண்டும். ஒரு வாளி மணலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கிற ஆட்டத்தை இங்கே 'லகோரி' என்கிறார்கள். அதற்கு எங்கள் மைத்துனரே படிக்கட்டை விட்டு எழுந்துவரப் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பென்சிலும் அழிப்பானும் கொடுத்து அனுப்பினோம்.

மெழுகுவத்தி ஊதுவதற்கு முன் எதிர் அறை ஆஜி ஒரு தட்டோடு வந்தார். குத்துவிளக்குத் திரி போல ஒரு சிறு விளக்கு, குங்குமம், அட்சதை, ஒரு பாக்கு, ஒரு மோதிரம். மகளுக்குப் பொட்டு வைத்து விளக்கைச் சுற்றினார். பிறந்த நாளுக்கு மராட்டியர்கள் செய்கிற 'அவுக்ஷண்' அது. நம் ஆலாத்திக்குத் தங்கை முறை! செல்போனில் ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "யாருடா அந்தப் பெரியம்மா, நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் கணக்குப் பார்த்தேன். கேசரி, சுண்டல் சாமான்கள் 600 ரூபாய்க்குள். கேக் 350. பென்சில் வகை 220. காகிதம், பலூன், பூ, இலைத் தட்டு எல்லாம் 180. மொத்தம் 1,350 ரூபாய். புது உடுப்பு பொங்கலுக்கு எடுத்ததே.

நண்பருக்கு வட்டிக்காரர் முகவரி நான் கொடுக்கவில்லை. என்னிடமிருந்த கொஞ்சத்தை வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது பிறந்த நாளுக்கு அவர் மண்டபம் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பார்க்கலாம்.

கடைசி அறைப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிறந்த நாள். அவள் அப்பா நேற்று வந்து காகிதச் சங்கிலியைக் கேட்டார். பரணில் சுருட்டி வைத்திருக்கிறோம். கொஞ்சம் வெளுத்திருக்கிறது. "அதனாலென்ன, நான் வர்ணம் அடிக்கிறவன்தானே, அண்ணாச்சி?" என்று வாங்கிக்கொண்டு போனார்.