பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கிறோம்?
இளையோர் உதைபந்தாட்ட அகடமிகளின் ஆளணி நியமனம் பற்றிய கோரிக்கைச் சாசனம்

கல்முனையிலும் அதன் அயலூர்களிலும் வாழும் பெற்றோர், முன்னாள் வீரர்கள், கழக ஆதரவாளர்கள் சார்பில், கழக நிருவாகங்களுக்கும் மாவட்ட உதைபந்தாட்ட லீக்குக்கும் கல்முனை மாநகர சபைக்கும் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் முன்வைக்கப்படுவது.

முகவுரை

அஸர் தொழுகை முடிந்த கையோடு சந்தாங்கேணி மைதானத்தில் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். சப்பாத்து போட்டவனும் வெறுங்காலோடு வந்தவனும் ஒரே பந்தைத் துரத்துகிறார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஆசைக்குக் குறைவில்லை. இவர்களுக்காகக் கழகங்கள் இளையோர் அகடமி நடத்த முன்வருவதை மனதார வரவேற்கிறோம்.

ஆனால் அகடமி என்றதும் பெயர்ப்பலகை, ஜேர்சி, திறப்பு விழாவின் பிரதம அதிதி எல்லாம் முதலில் முடிவாகிவிடுகின்றன. பிள்ளைகளோடு நாளாந்தம் நிற்கப்போகிறவர் யார் என்பது கடைசியாக, ஓர் இராக்கூட்டத்தில், "நமக்குத் தெரிந்த ஆள்தானே" என்ற ஒரு வசனத்தோடு முடிகிறது. தெரிந்த ஆள் நல்லவராக இருக்கலாம், கெட்டிக்காரராகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்காமல் பிள்ளையை ஒப்படைக்க எங்களால் இயலாது.

இங்கிலாந்துக் கழகங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தன. 2016இல் அன்டி வூட்வேர்ட் என்ற முன்னாள் வீரர், சிறுவயதில் தன் பயிற்றுநராலேயே துஷ்பிரயோகம் செய்யப்பட்டதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன்பின் நடந்த சுயாதீன விசாரணையின் அறிக்கை 2021இல் வெளிவந்தது. 1970 முதல் 2005 வரையான காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 692 பேர், சந்தேகநபர்கள் 240 பேர் என்றது அது. சந்தேகிக்கப்பட்டவர்களில் எல்லோரும் மதித்த, வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட மனிதர்களும் இருந்தார்கள்.

நல்ல நியமனம் என்ன தரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நம் வாப்பாமாரும் காக்காமாரும் உழைக்கப் போகும் கட்டாரில் 2004இல் அஸ்பயர் அகடமி தொடங்கப்பட்டது. பார்சிலோனாவில் இளையோரைப் பயிற்றுவித்த பீலிக்ஸ் சான்செஸ் 2006இல் அங்கே வந்தார். அவர் பயிற்றுவித்த 19 வயதுக்குட்பட்ட அணி 2014இல் ஆசியச் சம்பியனானது. 2017இல் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். 2019இல் ஜப்பானை 3-1 என வென்று கட்டார் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, அணியில் பலர் அஸ்பயரில் வளர்ந்தவர்கள். பணம் மட்டும் அதைச் செய்யவில்லை. பொருத்தமான ஆளைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அவரை இருக்கவிட்டார்கள்.

நாங்கள் கேட்கும் ஒழுங்கு ஊருக்குப் புதிதும் அல்ல. 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின்கீழ் பள்ளிவாசல்களுக்கு நம்பிக்கையாளர்களை நியமிக்கிறோம். அவர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். கட்டடத்துக்கும் சொத்துக்கும் இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் நாம், பிள்ளைகள் விடயத்தில் அதைவிடக் குறைவாக வைப்பது நியாயமில்லை. ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறோம்.

கோரிக்கைகள்

1. பகிரங்க நியமனம்: ஒவ்வொரு பதவிக்கும் வேண்டிய தகைமையும் கடமையும் எழுதப்பட்டு, கழக வாசலிலும் பாடசாலைகளிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் இரண்டு வாரம் தொங்க வேண்டும். நேர்முகக் குழுவில் வெளியூர் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் இருவரும் இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தாயாக இருத்தல் அவசியம். விண்ணப்பதாரரின் உறவினர் குழுவில் இருந்தால் அன்று எழுந்து போய்விட வேண்டும்.

2. பின்னணிச் சோதனை: கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் இல்லாமல் யாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கக்கூடாது. முன்பு பணியாற்றிய இரண்டு இடங்களுக்குக் கழகமே அழைப்பெடுத்து விசாரித்து, சொல்லப்பட்டதைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பயிற்றுநருக்கு மட்டுமன்றி வேன் சாரதிக்கும் மைதானக் காவலாளிக்கும் சும்மா உதவிக்கு வருகிறவருக்கும் இதே விதிதான்.

3. தனிமையில் விடாமை: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையிலோ வாகனத்திலோ தனித்திருக்கக்கூடாது. வெளியூர்ப் போட்டி முடிந்து இரவில் திரும்பினால், கடைசிப் பிள்ளை வீட்டு வாசலில் இறங்கும்வரை வேனில் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். "நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன்" என்ற உதவி வேண்டாம். பயிற்றுநர் பிள்ளைக்குத் தனியாக வட்ஸ்அப் அனுப்பாமல், பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே தகவல் சொல்ல வேண்டும். இவ்விதிகள் குற்றமற்ற பயிற்றுநரை வீண்பழியிலிருந்தும் காக்கும்.

4. சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளர்: கழக நிருவாகத்தில் இல்லாத ஒருவர், முடிந்தால் ஒரு பெண், இப்பொறுப்பை ஏற்க வேண்டும். அவருடைய தொலைபேசி இலக்கமும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டப்பட வேண்டும். முறைப்பாடு வந்தால் உரியவர் அன்றே பணியிலிருந்து விலக்கப்பட்டு, விடயம் பொலிஸுக்கோ அதிகார சபைக்கோ போக வேண்டும். ஊருக்குள் பேசித் தீர்ப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

5. தகுதியான பயிற்றுநர்: சம்மேளனமோ ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்போ வழங்கும் பயிற்றுநர் சான்றிதழ் உள்ளவரே தலைமை வகிக்க வேண்டும். இல்லாதவருக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்து, கற்கைச் செலவைக் கழகம் ஏற்கட்டும். முதலுதவி தெரிந்த ஒருவர் இல்லாமலோ, கோல் கம்பங்கள் நிலத்தில் இறுக்கப்படாமலோ பயிற்சி தொடங்கக்கூடாது. சம்மேளனத்துக்கும் ஒன்று சொல்கிறோம்: 2023 ஜனவரியில் சம்மேளனத்தின் மீது பீபா விதித்த தடை ஆகஸ்ட் வரை நீடித்தபோது பீபாவின் பயிற்சி நெறிகளும் நம் பயிற்றுநர்களுக்கு மறுக்கப்பட்டன. மேலிடத்துப் பதவிச் சண்டையின் செலவைக் கிராமத்து மைதானம் கட்டுவது இனியும் வேண்டாம்.

6. ஊதியமும் பாதுகாப்பும்: பயிற்றுநருக்கு மாதக் கொடுப்பனவும் இரண்டாண்டு எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். இலவசமாக உழைக்கிறவரிடம் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. ஒரு போட்டியில் தோற்றதற்காகவோ, நிருவாகி ஒருவரின் மகனை அணியில் சேர்க்காததற்காகவோ அவரை நீக்கக்கூடாது.

7. பதிவாளர்: பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வயதைப் பதிந்து, ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பருவத்தில் எங்கே விளையாடியது என்று எழுதிவைக்க ஒருவர் வேண்டும். ஒரு வீரர் பின்னாளில் வெளிநாட்டுக் கழகத்துக்கு விலைபோனால், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்கு மாற்றுத் தொகையில் 5 வீதம் பங்கிட பீபா விதி உண்டு. பதிவு இல்லாத கழகம் அந்தப் பங்கைக் கேட்க முடியாது. 18 வயதுக்குட்பட்டவரின் சர்வதேச மாற்றத்தை, சில விலக்குகள் தவிர, அதே விதிகள் தடுக்கின்றன. "வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறேன்" என்று காசு கேட்டு வரும் முகவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் பதிவாளரின் கடமை.

8. பணம்: வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு ஒட்டப்பட வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லாத மீனவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு விலக்கு உண்டு. அது யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டும்.

9. படிப்பும் மார்க்கமும்: சாதாரண தரப் பரீட்சை, மத்ரஸா, நோன்பு காலம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சி நேரம் அமைய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று கதவை மூடாமல், விரும்பும் பெண்களைப் பயிற்சிக்கு அனுப்பி உருவாக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடமை

எங்கள் பிள்ளையை அணியில் சேர்க்கும்படி பயிற்றுநருக்கு அழுத்தம் கொடுக்கமாட்டோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அவரை மீறிக் கத்தமாட்டோம். பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாவும் வாப்பாவும் வருவோம். வாப்பா வெளிநாட்டில் என்றால் பொறுப்பானவர் ஒருவர் வருவார். காலத்தோடு கட்டணம் கட்டுவோம்.

முடிவுரை

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு கழகமும் இச்சாசனத்தை விவாதித்து, ஏற்றதையும் ஏற்காததையும் கூட்ட அறிக்கையில் பதிய வேண்டும். லீக் இதைக் கழக அங்கத்துவத்துக்கான நிபந்தனையாக்க வேண்டும். மாநகர சபை, தன் மைதானத்தை அகடமிகளுக்குக் கொடுக்கும்போது 2ஆம், 3ஆம், 4ஆம் கோரிக்கைகள் நிறைவேறியதற்கான சான்றைக் கேட்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பயிற்றுநர்? அவரை யார், எதைப் பார்த்து நியமித்தார்கள்? பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் யாரிடம் சொல்வது? பதில் எழுத்தில் கிடைக்கும்வரை விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள்.